நெடுங்குருதி: பேய்கள் ஊருடையவை, ரத்தம் யாருடையது?

எஸ். ராமகிருஷ்ணனின் ‘நெடுங்குருதி’யை இதுவரை மூணு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை சொக்கிப்போனேன். ரெண்டாவது தடவை எரிச்சல் வந்தது. போன மாதம் மூணாவது தடவை முடித்தபோது ரெண்டும் சேர்ந்தே இருந்தன. ஒரு நாவல் பிடித்திருக்கிறதா இல்லையா என்று இத்தனை வருஷம் கழித்தும் ஒருவனால் சொல்ல முடியவில்லை என்றால் கோளாறு அவனிடம் இருக்கலாம், நாவலிலும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. நாவல் 2003-இல் உயிர்மை வெளியீடாக வந்தது. ராமகிருஷ்ணன் விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறுக்காரர். 2018-இல் ‘சஞ்சாரம்’ நாவலுக்காக சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். அவர் எழுதியதில் இருட்டும் விசித்திரமும் அதிகம் உள்ள நாவல் எது என்று கேட்டால் நான் ‘நெடுங்குருதி’யைத்தான் சொல்வேன்.

வேம்பலை என்று ஒரு ஊர். வெயில் காய்ந்து, வேப்ப மரங்களைத் தவிர வேறெதுவும் தெம்பாக இல்லாத ஊர். அங்கே இருப்பவர்கள் வேம்பர்கள். களவுதான் அவர்கள் பிழைப்பு. வேம்பர் என்பது நாவலுக்காகக் கட்டிய சமூகம். ஆனால் தெற்கத்தி ஆட்கள் யாருக்கும் அது எந்தெந்தச் சமூகங்களை நினைவுபடுத்துகிறது என்று சொல்லத் தேவையில்லை. நாகு என்ற சின்னப் பையன் வழியாகக் கதை தொடங்குகிறது. கோடை, காற்று, மழை, பனி என்று பருவங்களாகப் பிரிந்து, மூணு தலைமுறை நடக்கிறது.

தொடக்கத்திலேயே எறும்புகள் சாரை சாரையாக ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகின்றன. மனுஷன் போவதற்கு முன்னால் எறும்பு போய்விடுகிறது. இந்த இடத்தில்தான் முதல் தடவை நான் விழுந்தேன். அதுக்கப்புறம் வருவதெல்லாம் அந்தத் தரத்தில்தான் இருக்கிறது. நடக்க முடியாத ஆதிலட்சுமி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைப் பற்றி விநோதமான சங்கதிகளைச் சொல்கிறாள். நாகு வாய் பிளந்து கேட்கிறான். நாகுவின் அய்யா, பக்கீர் என்ற வியாபாரியைக் கொன்றுவிடுகிறார். கொஞ்ச நாளில் பக்கீரின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புருஷனைத் தேடி அதே ஊருக்கு வருகிறாள், அவர்கள் வீட்டிலேயே தங்குகிறாள். கொன்றவன் வீட்டுக் கஞ்சியைக் கொல்லப்பட்டவன் பிள்ளைகள் குடிக்கிறார்கள். இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. ஆனாலும் நாவலின் பேய்களைவிட எனக்கு இந்த இடம்தான் அதிகம் பயம் காட்டியது.

பேயும் இருக்கிறது. சிங்கிக் கிழவனும் குருவனும் பழைய கூட்டாளிகள், சேர்ந்து களவுக்குப் போனவர்கள். குருவன் செத்துவிட்டான். செத்தவன் சும்மா இருக்காமல் திரும்பி வந்து சிங்கியோடு ஆடுபுலி ஆட்டம் ஆட உட்கார்கிறான். மூணு புலி, பதினஞ்சு ஆடு, ஒரு உயிரோடு இருக்கிறவன், ஒரு செத்தவன். நாவல் இதற்கு விளக்கம் எதுவும் தருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வெத்தலை கேட்டு வந்த மாதிரிதான் குருவன் வருகிறான்.

உசிலம்பட்டி நண்பன்

முதல் வாசிப்பில் இதெல்லாம் சேர்ந்து என்னை அடித்துப்போட்டது. தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் வாங்கின பிரதி அது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரன். “படிச்சுப் பாருடா, உங்க ஊர்க் கதை மாதிரி இருக்கு” என்று கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்த வாக்கியமே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ‘களவையே பிழைப்பாகக் கொண்ட ஊர்’ என்ற கதையைப் படித்ததும் எனக்கு அவன் ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. அதை அவனிடமே சொல்லியும் இருக்கிறேன்.

அவன் பாதி வரைக்கும் படித்தான். அப்புறம் ஒரு நாள் டீக்கடையில் வைத்துச் சொன்னான்: “எங்க பாட்டனுக்கு ரத்தத்துலயே திருட்டு இருக்குன்னு சர்க்கார் எழுதி வச்சிருந்துச்சு. இவரு அதையே அழகா எழுதிருக்காரு. அம்புட்டுத்தான்.”

எனக்குப் பதில் வரவில்லை. நாவலுக்காகப் பேச வேண்டும் என்று தோன்றியது, என்ன பேசுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே வேறொன்றும் சொன்னான்: “அந்தச் செத்தவன் வந்து ஆடுபுலி ஆடுற இடம் மட்டும் நெசம்டா. எங்க அப்பத்தா இப்படித்தான் சொல்லும். தாத்தா வந்தாரு, திண்ணையில உக்காந்தாரு, போயிட்டாருன்னு.”

கவனித்துப் பாருங்கள். நாவலில் நடக்கவே முடியாத சம்பவத்தை அவன் ‘நெசம்’ என்றான். நடந்திருக்கக்கூடிய விஷயத்தை, அதாவது பரம்பரையாகக் களவு செய்யும் சமூகம் என்பதை, சர்க்கார் கட்டிய கதை என்றான். ரொம்ப நாள் இது எனக்கு வெறும் முரணாகத் தெரிந்தது. இப்போது நாவலைப் பற்றி யாரும் சொன்னதில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் இல்லை என்று நினைக்கிறேன். என் ரெண்டாவது வாசிப்பு அந்த டீக்கடையிலிருந்துதான் தொடங்கியது.

சட்டம் கட்டின கதை

அவன் ‘சர்க்கார் எழுதி வச்சிருந்துச்சு’ என்று சொன்னது உவமை இல்லை. குற்றப் பழங்குடியினர் சட்டம் 1871-இல் முதலில் வட இந்தியாவுக்காக வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1911-இல் நீட்டினார்கள். அடுத்த சில வருஷங்களில் மதுரை ஜில்லாவின் பிரமலைக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. கீழக்குயில்குடியில் ஆரம்பித்து ஊர் ஊராகப் பரவியது. நம்ம பக்கம் இதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். வயசு வந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். நீ என்ன செய்தாய் என்ற கேள்வியே அதில் கிடையாது, நீ யாருக்குப் பிறந்தாய் என்பது மட்டும்தான் கேள்வி.

அதற்கு அவர்கள் வைத்திருந்த வாதமும் எளிமையானது. இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, அதே மாதிரி திருடன் மகன் திருடன். தொழில் சாதி வழியாக வருகிறது, எனவே குற்றமும் சாதி வழியாக வருகிறது. நம்ம ஊர்ச் சாதி அமைப்பிலிருந்தே எடுத்து, நம்ம மேலேயே போட்ட தர்க்கம். விரல் ரேகையும் அதற்கு ஒத்துப்போனது. கல்கத்தாவில் 1897-இல் கைரேகைக்கென்று தனி அலுவலகமே தொடங்கிவிட்டார்கள். ஒரு ஆளை அவன் பெயரால் அறிவதைவிட அவன் தோலால் அறிவது வசதி என்று சர்க்காருக்குத் தெரிந்துவிட்டது.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று சனங்கள் நின்றார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் ஒருத்தர் மாயக்காள், அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று சொல்வார்கள். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இந்தச் சனங்களுக்காக வாதாடினார், ‘ரோசாப்பு துரை’ என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க முடிய 1952 ஆனது. இன்றைக்கும் ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் மாலை போடுகிறார்கள். கள்ளர் சீரமைப்புத் துறை என்ற பெயரில் பள்ளிக்கூடங்கள் இன்னமும் நடக்கின்றன. சீர்மரபினர் என்ற சொல் சாதிச் சான்றிதழில் இருக்கிறது. இது முடிந்துபோன சரித்திரம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது நாவலுக்குத் திரும்புவோம். சட்டமும் போலீஸும் ‘நெடுங்குருதி’யில் இல்லாமல் இல்லை. வேம்பர்களை வேட்டையாடின வெள்ளைக்கார துரை ஊரின் ஞாபகத்தில் இருக்கிறான். போலீஸ் வருகிறது. ஆனால் என் வாசிப்பில், அவையெல்லாம் வெயில் வருகிற மாதிரி வருகின்றன. கோடை வந்தது, காற்று வந்தது, போலீஸ் வந்தது. யார் அனுப்பினார்கள், எந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது, அதனால் யாருக்கு என்ன லாபம் என்பதெல்லாம் அந்தப் புழுக்கத்தில் மறைந்துவிடுகிறது. களவு எங்கிருந்து வந்தது என்பதற்கு நாவல் கையைக் காட்டும் திசைகள் மூணு: மண், வெயில், வம்சம். தலைப்பே ‘நெடுங்குருதி’. நீண்டு ஓடிவரும் ரத்தம். தச்சன் மகன் தச்சன் என்ற அதே வாதம் இங்கே கவித்துவமாகத் திரும்பி வருகிறதோ என்பதுதான் என் சந்தேகம்.

இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குருதி என்றால் வம்ச ரத்தம் மட்டும்தானா? சிந்தின ரத்தமும் குருதிதான். அப்படிப் படித்தால் தலைப்பு வேம்பர்களின் பிறவிக் குணத்தைச் சொல்லவில்லை, அவர்கள் மேல் நடந்த நெடுங்காலக் கொடுமையைச் சொல்கிறது. நாவலுக்குள் இந்த ரெண்டு அர்த்தமும் இருக்கிறது. என்னுடைய குறை, நாவல் இந்த ரெண்டையும் பிரித்துக் காட்ட அக்கறைப்படவில்லை என்பது. ரெண்டும் கலந்தால்தான் அந்த மயக்கம் வரும். மயக்கத்துக்காகப் பிரிக்காமல் விட்டதாகவே எனக்குப் படுகிறது.

வாடிப்பட்டியிலிருந்து பார்த்தால்

இந்த எரிச்சலுக்கு நான் இருக்கிற இடமும் ஒரு காரணம். வாடிப்பட்டியில் நின்றால் வடக்கே சிறுமலை தெரியும். இந்தப் பக்கம் முழுக்க நெல், கரும்பு, வாழை, தென்னை. சோழவந்தான் பக்கம் போனால் கொடிக்கால். வெளியூர்க்காரர்கள் வந்தால் “என்னப்பா, உங்க ஊரு இம்புட்டுப் பச்சையா இருக்கு” என்பார்கள். ஏதோ மண்ணின் பாக்கியம் மாதிரி நாங்களும் சிரித்துக்கொள்வோம்.

பாக்கியம் எல்லாம் இல்லை. பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்தது. மேற்கே ஓடின தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பி வைகையில் விட்டார்கள். பேரணையில் இருந்து பிரதானக் கால்வாய் பிரிந்து எங்கள் வட்டாரம் வழியாக மேலூர்ப் பக்கம் போகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோகப் பாசனம். கள்ளந்திரி தாண்டினால் ஒருபோகம். வருஷா வருஷம் எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பது என்று பேப்பரில் அறிக்கை வரும். எங்கள் பச்சை அந்த அறிக்கையில் இருக்கிறது.

பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் உசிலம்பட்டி. அங்கே அந்தக் கால்வாய் போகவில்லை. 58 கிராமக் கால்வாய் வேண்டும் என்று அந்தச் சனங்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சமாவது கிடைத்தது. ஒரே ஜில்லா, ஒரே வைகை, ஒரே வெயில். ஒரு பக்கம் சம்சாரி என்று பெயர் எடுத்தது, மறுபக்கம் வேறு பெயர் சுமந்தது. கால்வாய் எந்த மேட்டைச் சுற்றிப் போகிறது என்பதில் நில மட்டத்துக்கும் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கே அணை, எங்கே மதகு, யாருக்கு எத்தனை நாள் முறை என்பதெல்லாம் மனுஷர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு.

அதனால் ‘வேம்பலை’யின் வறட்சி ஒரு சாபம் மாதிரி வரும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. வெயில் ஒரு பாத்திரமாகவே நாவலில் நடமாடுகிறது, வீட்டுக்குள் வருகிறது, ஆட்களைத் துரத்துகிறது. படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் வெயிலைக் குற்றவாளி ஆக்கிவிட்டால், மதகுச் சாவி யார் கையில் இருந்தது என்று கேட்க ஆளில்லாமல் போகிறது.

மாய நாவல் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ‘நெடுங்குருதி’யைப் பேசும்போது எல்லாரும் இழுக்கிற ரெண்டு லத்தீன் அமெரிக்க நாவல்களையே எடுத்துக்கொள்வோம். ஹுவான் ருல்ஃபோவின் ‘பெட்ரோ பராமோ’ (1955) முழுக்கச் செத்தவர்கள் பேசுகிற ஊர். வேம்பலையைவிடக் காய்ந்த ஊர். ஆனால் அது ஏன் செத்தது என்று அந்த நாவலுக்குத் தெரியும். ஒரு நிலக்கிழார் ஊர் மேல் கோபம் கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு ஊரைப் பட்டினியில் சாக விடுகிறான். மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ (1967) நாவலில் வருஷக்கணக்காக மழை பெய்கிறது. அந்த மழை வாழைத் தோட்டத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றதற்குப் பிறகுதான் வருகிறது. 1928-இல் கொலம்பியாவில் நிஜமாகவே நடந்த துப்பாக்கிச்சூட்டின் நிழல் அது. கொலையை ஊர் மறந்துபோவதுதான் அங்கே பெரிய மாயம். ரெண்டு நாவலிலும் பேயும் உண்டு, மழையும் உண்டு, கணக்கும் உண்டு. ‘நெடுங்குருதி’யில் நான் தேடிக் கிடைக்காதது அந்தக் கணக்கு.

காவல் கோட்டம் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது

அப்படியானால் கணக்கை முழுசாக எழுதின நாவல் போதுமா? அதுவும் நம்மிடம் இருக்கிறது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008-இல் வந்தது, 2011-க்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. அதன் ஒரு பகுதியை வைத்துத்தான் வசந்தபாலன் ‘அரவான்’ படம் எடுத்தார். மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்கி ரேகைச் சட்டம் வரைக்கும் ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிறது. தாதனூர்க்காரர்கள் மதுரையின் காவலை வைத்திருந்தது, அதை வெள்ளைக்காரன் பிடுங்கியது, போலீஸ் வந்தது, காவல்காரன் திருடன் ஆனது எல்லாம் படிப்படியாக வரும்.

அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அங்கே களவு ஒரு வித்தை. கன்னம் போடுவது, தடம் பார்ப்பது, கூட்டாகப் போவது எல்லாம் பெரியவன் சொல்லிச் சின்னவன் கற்றுக்கொள்வது. கற்றுக்கொண்டதைக் கைவிடவும் முடியும். ரத்தத்தில் வந்ததைக் கைவிட முடியாது. இந்த ஒரு வித்தியாசத்திலேயே ‘காவல் கோட்டம்’ ரேகைச் சட்டத்தின் தர்க்கத்தை உடைத்துவிடுகிறது. அந்த வித்தையைக் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடுகிறது என்பது அதன் குறை, ஆனால் அது வேறு கதை.

இருந்தாலும், உண்மையைச் சொல்கிறேன், ‘காவல் கோட்டம்’ படித்து எனக்கு ராத்திரித் தூக்கம் கெட்டதில்லை. நிறையத் தெரிந்துகொண்டேன். மதுரைக் கோட்டை இடிபடும் பகுதியைப் படித்த பிறகு நகரின் வெளிவீதிகளில் நடக்கும்போது காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று தோன்றும். ஆனால் அதன் மனிதர்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வரவில்லை. குருவன் வந்தான். செத்துப்போன ஒரு திருடன், தோற்ற ஆட்டத்தை முடிக்க வந்தவன், என் மனசில் இன்னமும் உட்கார்ந்திருக்கிறான். ஆவணம் இல்லாத ஒருவன் ஆவணம் நிறைந்த ஆயிரம் பக்கத்தைவிட அதிக நாள் தங்குகிறான் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

ரெண்டு வகை விசித்திரம்

மூணாவது வாசிப்பில்தான் நண்பன் சொன்னது எனக்கு முழுசாகப் பிடிபட்டது. ‘நெடுங்குருதி’யின் விசித்திரத்தை நான் ஒரே பொட்டலமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அதில் ரெண்டு வகை இருக்கிறது.

ஒன்று ஊரின் விசித்திரம். செத்தவர் திரும்பி வருவது, எறும்பு சகுனம் சொல்வது, நடக்க முடியாத பெண் பார்க்காத இடத்தையெல்லாம் பார்த்த மாதிரி சொல்வது. இது நம்ம சனங்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லிக்கொள்கிற முறை. மதுரை ஜில்லாவில் வெட்டுப்பட்டுச் செத்தவன் சாமியாக நிற்காத ஊர் ஏது? நடுகல் போடுவோம், பட்டவன் என்போம், வருஷத்துக்கு ஒரு தடவை சாராயமும் சுருட்டும் வைப்போம். அநியாயமாய்ச் செத்தவன் கதை முடியவில்லை என்பதற்கு ஊர் வைத்திருக்கிற சாட்சி அது. கோர்ட்டு சாட்சி எடுக்காத இடத்தில் பேய் சாட்சி சொல்கிறது. அந்த மொழியை ராமகிருஷ்ணன் அச்சு அசலாகப் பிடித்திருக்கிறார். ஆவண நாவலால் இதைப் பண்ண முடியாது, ஏனென்றால் இந்தச் சனங்களைப் பற்றிய பெரும்பாலான ஆவணங்களை எழுதியதே போலீஸ்தான்.

இன்னொன்று கோப்பின் விசித்திரம். ஒரு கூட்டம் முழுக்கப் பிறவியிலேயே களவாணி என்பது. நிதானமாக யோசித்தால் பேயைவிட நம்ப முடியாத கற்பனை இதுதான். தொட்டிலில் கிடக்கும் குழந்தை நாளைக்கு எந்த வீட்டில் கன்னம் வைக்கும் என்று சர்க்காருக்குத் தெரியும் என்றால் அதைவிடப் பெரிய மாயாஜாலம் என்ன இருக்கிறது? ஆனால் அது சட்டப் புத்தகத்தில் இருந்ததால் நாம் அதைக் கற்பனை என்று சொல்வதில்லை. ராமகிருஷ்ணனும் அதைச் சந்தேகப்படாமல், ஊரின் விசித்திரத்தோடு சேர்த்து ஒரே தறியில் நெய்துவிட்டார். முதல் வகையின் நம்பகத்தை ரெண்டாவது வகை கடன் வாங்கிக்கொள்கிறது. என் நண்பன் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினான். அவன் செய்தது முரணே இல்லை, ரெண்டும் எங்கிருந்து வந்தன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இப்படிப் பிரித்துக்கொண்டு படித்தால் நாவலின் பின்பாதியும் வேறு மாதிரி தெரிகிறது. நாகு பாதிக் கதையிலேயே செத்துப்போகிறான். அதுக்கப்புறம் நாவல் தளர்ந்துவிடுகிறது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். தற்செயல்கள் அதிகம், ஊர் ஊராக அலைச்சல் அதிகம், பக்கத்துக்குப் பக்கம் ஒரு அதிசயம் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேறு. மூணாவது அதிசயத்தில் கண் சுருங்குகிறது, பத்தாவதில் பக்கத்தைத் தள்ளத் தோன்றுகிறது. இந்தக் குறைகளை நான் வாபஸ் வாங்கவில்லை.

ஆனால் அந்தப் பின்பாதியைப் பெண்கள் சுமக்கிறார்கள். நாகுவின் மனைவி மல்லிகா, அவன் நேசித்த ரத்னாவதி, அடுத்த தலைமுறையில் வசந்தா. இவர்களில் யாரும் களவுக்குப் போகிறவர்கள் இல்லை. பிள்ளை வளர்க்கிறார்கள், போன ஆளை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பசியைச் சமாளிக்கிறார்கள். நாகுவுக்கும் ரத்னாவதிக்கும் பிறந்த திருமாலும் ‘திருடன் மகன் திருடன்’ கணக்கில் வரவில்லை. நாவலின் வாய் ‘குருதி’ என்று சொன்னாலும் அதன் கை வேறு கதை எழுதியிருக்கிறது. ரேகைச் சட்டம் ஆண்களின் விரலைத்தான் கேட்டது. பெண்கள் பக்கம் கதை திரும்பியதும் கோப்பின் விசித்திரம் தானாகவே உதிர்ந்துபோகிறது, ஊரின் விசித்திரம் மட்டும் மிஞ்சுகிறது. இது ஆசிரியர் திட்டம் போட்டுச் செய்ததா, எழுத்து தன் போக்கில் அங்கே போனதா என்று எனக்கு வாதாட விருப்பமில்லை. என் எரிச்சல் குறைந்தது அங்கேதான்.

ஆகவே என் நிலைமை இதுதான். ‘நெடுங்குருதி’ படிக்க வேண்டிய நாவல். ஆனால் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் ‘காவல் கோட்டம்’ இருக்கட்டும். நேரம் இருந்தால், கம்பம் பள்ளத்தாக்கில் பிரமலைக் கள்ளர்கள் வெள்ளாமைக்காரர்களான கதையை ஆராய்ந்த ஆனந்த் பாண்டியனின் ‘குரூக்கட் ஸ்டாக்ஸ்’ (2009) என்ற ஆங்கில மானிடவியல் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். களவு என்ற பட்டமும் உழவு என்ற பெருமையும் எப்படிச் சேர்ந்தே உருவாக்கப்பட்டன என்று புரியும். பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தால் இன்னும் நல்லது. அப்புறம் வேம்பலைக்குள் போனால், எந்தப் பேயை நம்புவது எதை நம்பக் கூடாது என்று உங்களுக்கே தெரியும்.

மூணாவது தடவை முடித்த கையோடு நண்பனுக்குப் போன் பண்ணினேன். இந்த ரெண்டு வகை விஷயத்தைச் சொன்னேன். “இதைக் கண்டுபிடிக்க உனக்கு மூணு தடவை படிக்க வேண்டியிருக்கா?” என்று சிரித்தான். அப்புறம் அவன் பாட்டனைப் பற்றிக் கேட்டேன். போட்டோ ஏதாவது இருக்கிறதா என்றேன். ஒன்றுகூட இல்லையாம். அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்துச் சொல்ல இப்போது வீட்டில் யாரும் உயிரோடு இல்லை. “எங்கயாவது ஒரு பழைய ரெக்கார்டு ரூம்ல அவரு கட்டைவிரல் இருந்தாலும் இருக்கும்டா. அது ஒண்ணுதான் அவரு உடம்போட மிச்சம்” என்றான்.

ஒரு மனுஷனைப் பற்றி மிஞ்சியது ரெண்டே ரெண்டு. சர்க்கார் வைத்திருக்கும் ஒரு ரேகை, அதுவும் இருந்தால். அப்பத்தா பார்த்த ஒரு உருவம், திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனது. அந்த ரெண்டாவதை எழுதத் தெரிந்த ஒரு நாவல் நம்மிடம் இருக்கிறது. முதலாவதைச் சந்தேகப்படவும் அதற்குத் தெரிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருந்திருக்காது.

என்னுடைய பழைய பிரதி இன்னமும் அவனிடம்தான் இருக்கிறது. இந்தத் தடவை படித்தது புதுசாக வாங்கினது. பழையதைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை, அவனும் தருவதாகச் சொல்லவில்லை. ஆடுபுலி வருகிற பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருக்கிறானாம்.